மாட்டிறைச்சியை விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு



"மாட்டிறைச்சி இல்லாவிட்டால் சோறு இறங்காதா? கோழி இல்லையா, மீன் இல்லையா?" வெளியில் இருப்பவர்கள் இப்படிக் கேட்டால் விளங்குகிறது. இப்போது நம்மவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "எதுக்குப் பிரச்சினை, விட்டுக் கொடுத்துவிட்டுப் போவோம்" என்கிறார்கள்.

அடுப்படியிலிருந்தே தொடங்குவோம். அரைக் கிலோ இறைச்சி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு. இறைச்சியைப் பொடியாகக் கொத்தி வெங்காயம், இஞ்சி, உள்ளி, மிளகு, றம்பை போட்டுத் தண்ணீர் வற்றப் பிரட்டி எடுக்கிறோம். கிழங்கை அவித்து, பட்டரும் பாலும் விட்டு மசிக்கிறோம். தட்டில் ஒரு அடுக்குக் கிழங்கு, ஒரு அடுக்கு இறைச்சி, மேலே மறுபடி கிழங்கு. முட்டை அடித்து ஊற்றி, ரஸ்க் தூள் தூவி அவனில் வைக்கிறோம். அவன் இல்லாத வீட்டில் மேலும் கீழும் தணல். இராச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் சுற்றி இருந்தாலும் எல்லாருக்கும் காணும். இதையே ஆட்டிறைச்சியில் செய்ய மாதச் சம்பளக்காரருக்கே கட்டாது. கூலி வேலைக்குப் போகிறவர் எங்கே போவார்?

கோழியிலும் செய்யலாம்தான். எதில் செய்வது என்று தீர்மானிப்பது அந்த வீட்டு உம்மாவா, கொழும்பில் கூடும் அமைச்சரவையா? கேள்வி அதுதான்.

2020 செப்டெம்பரில், அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவின் யோசனையை அமைச்சரவை ஏற்றது. நாட்டில் மாடறுப்பதைத் தடை செய்வதாம். சாப்பிடுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்கிச் சலுகை விலையில் கொடுப்பதாம். 2021 ஒக்டோபரில் அதற்காகச் சட்டங்களைத் திருத்தவும் அனுமதி கொடுத்தார்கள். இந்த முடிவை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வெளிநாட்டு மாட்டுக்கு உயிர் இல்லையா? இரக்கம்தான் காரணம் என்றால் இறக்குமதி எதற்கு? இந்த நாட்டில் அந்தத் தொழிலைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். கொரோனாவில் மௌத்தான நம்முடைய ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் மாட்டின்மேல் இந்த இரக்கம் பிறந்தது.

சரி, மாட்டை வளர்ப்பவர் யார்? நானாட்டான், மாந்தை, மடு, முசலி என்று போய்ப் பாருங்கள். இந்துக்கள், கத்தோலிக்கர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வளர்க்கிறார்கள். கட்டுக்கரைக்குளத்து வயல்கள் விதைத்துவிட்டால் மாட்டுக்கு மேய்ச்சல் தரவை இல்லை. உழவு இயந்திரம் வந்த பிறகு நாம்பனுக்கு வயலில் வேலையும் இல்லை. அதை விற்ற காசில்தான் பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் வருகின்றன. விற்க முடியாவிட்டால் அந்த மாடு என்ன ஆகும்?

விடை தேடித் தூரம் போகத் தேவையில்லை. மன்னார் நகரத்துக் கழுதைகளைப் பாருங்கள். அரபு வணிகர்களோடு வந்ததாகச் சொல்லப்படும் இனம். ஒருகாலம் சுமை தூக்கின. வாகனம் வந்ததும் கைவிடப்பட்டன. அவற்றை யாரும் அறுப்பதில்லை. அதனால் சுகமாகவா இருக்கின்றன? குப்பையில் பொலித்தீன் தின்கின்றன. இரவில் வாகனத்தில் அடிபட்டுக் கால் முறிந்து கிடக்கின்றன. அறுக்காமல் விட்டால் மட்டும் அது ஜீவகாருண்யம் ஆகிவிடாது. தீனி போட ஆள் வேண்டும்.

நடப்பதெல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. களவெடுத்த மாட்டை அறுப்பதையும், லொறியில் நெருக்கி அடைத்து ஏற்றுவதையும் சட்டமும் விடாது, மார்க்கமும் விடாது. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணியை வதைக்காதே என்று கற்றுத்தந்தவர் நம் நபி (ஸல்). 1893ஆம் ஆண்டின் மாடறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இருக்கிறது. போயா நாளில் கடை பூட்டியே இருக்கிறது. உள்ள சட்டத்தை ஒழுங்காக அமுல்படுத்துங்கள், நாங்களே முன்னுக்கு வந்து நிற்போம்.

பசுவைத் தெய்வமாக மதிக்கும் அயலவர்களின் நம்பிக்கையை நாங்கள் கேலி செய்ததில்லை, செய்யவும் மாட்டோம். அவர்கள் வீட்டு விரதம் அவர்களுக்கு, எங்கள் வீட்டுச் சட்டி எங்களுக்கு. இத்தனை காலமும் இப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்.

"விட்டுக் கொடுப்போம்" என்கிற நம்மவர்களுக்கு ஒன்று. 2013இல் உள்ளூர்ச் சந்தையில் ஹலால் இலச்சினையை ஜம்இய்யத்துல் உலமா விட்டுக் கொடுத்தது. அதோடு முடிந்ததா? அடுத்த வருடமே அளுத்கம எரிந்தது.

வகுப்பில் நாங்கள் குடியியற்கல்வி படிப்பிக்கிறோம். உரிமை என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால், பயந்து ஒவ்வொன்றாக விட்டுக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்க முடியாது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலியிலிருந்தும் நம்மை வெளியேற்றியபோது, எதைக் கையில் கொண்டுபோகலாம் என்பதைத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தீர்மானித்தார்கள். திரும்பி வந்து, காடு வெட்டி, வீடு கட்டி, அடுப்பு மூட்டியிருக்கிறோம். அந்த அடுப்பில் எதை வைப்பது என்பதையும் இன்னொருவர் தீர்மானிக்க விடமாட்டோம்.