"எனக்கெங்கீங்க ஆவும்?"

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ் என்று வைத்துக் கொள்வோம். ஆபீஸ் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் வேண்டாம். பரமத்தி ரோட்டில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், ஓயாமல் அலறும் இரண்டு போன், சுவரில் ஒரு காலண்டர், போதும். அங்கே பத்து வருஷமாக ஒரு பெண் கணக்குப் பார்க்கிறாள். எந்த வண்டி எங்கே லோடுக்கு நிற்கிறது, எதற்கு எஃப்.சி. தேதி நெருங்குகிறது, எந்த டிரைவர் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதலாளிக்கு வயதாகி விட்டது. ஒரு நாள் கூப்பிடுகிறார்.

"ஏனம்மிணி, வர்ற மாசத்திலிருந்து ஆபீஸை நீயே பார்த்துக்க. மானேஜர்னு போர்டு எழுதிரலாம்."

அவள் முகத்தில் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வருவது வேர்வை!

"எனக்கெங்கீங்கய்யா அதெல்லாம் ஆவும்? வேற யாராச்சும் படிச்சவங்களாப் பார்த்துப் போடுங்க."

இதை அடக்கம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. அடக்கமாவது, மண்ணாவது! பத்து வருஷமாக ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதிய பெண், தன் கணக்கை மட்டும் தப்பாக எழுதி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

எப்படி என்கிறீர்களா? ஒரு காரியம் நன்றாக முடிந்தால், "அதிருஷ்டம்", "முதலாளி நல்லவர்", "டிரைவர்கள் ஒத்துழைத்தார்கள்" என்று வரவை அடுத்தவர் பெயரில் எழுதுகிறாள். ஒரு காரியம் கெட்டுப் போனாலோ, முழுச் செலவும் இவள் பெயரில்! இப்படி எழுதினால் எந்தப் பேரேடுதான் நஷ்டம் காட்டாது?

இந்த விசித்திரத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர்களும் பெண்கள்தான். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள். தங்களிடம் வந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வந்தவர்கள் சாமானியர்களா? டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், பேராசிரியைகள், சட்டம் படித்தவர்கள், நர்ஸுகள், வகுப்பில் முதலாக வந்த மாணவிகள். அத்தனை பேருக்கும் ஒரே கிலி: "நான் கெட்டிக்காரி இல்லை, கெட்டிக்காரி வேஷம் போடுகிறேன். என்றைக்காவது ஒரு நாள் குட்டு வெளிப்பட்டு விடும்." பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால்கூட, திருத்தியவர் எங்கோ தவறு செய்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்களாம்.

அவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். இந்தப் பெண்கள் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்படுகிறார்கள், மாடாக உழைக்கிறார்கள், வேலை ஜெயமாகிறது. உடனே என்ன முடிவுக்கு வருகிறார்கள்? கவலைப்பட்டதால்தான் ஜெயித்தோம் என்று! அடுத்த வேலைக்கு இன்னும் கொஞ்சம் கவலை. செக்குமாடு இப்படித்தான் சுற்றும்.

காரணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சில வீடுகளில் கெட்டிக்காரப் பட்டம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். இவளுக்குக் கிடைப்பது நல்ல பெண் என்ற பட்டம். நம் வீடுகளில் கேட்டதில்லையா? "பெரியவன் புத்திசாலி, இவ சமர்த்து." சமர்த்து என்றால் சொன்ன பேச்சு கேட்பாள் என்று அர்த்தம். அந்தச் சமர்த்து நாளைக்கு ஓர் ஆபீஸை நிர்வாகம் செய்யும்போது, புத்திசாலியின் நாற்காலியில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருப்பது போலக் கூசுகிறாள்! ஆண்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாதா என்றால், உண்டு. பின்னால் ஆராய்ந்தவர்கள் அதையும் கண்டுகொண்டார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை, பாவம்.

கிளான்ஸ் அம்மாள் சொன்ன வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. இப்படிப்பட்ட பெண்களை ஒன்றாக உட்கார்த்திப் பேச விடுங்கள் என்றார். தன் பயம் தனக்கு நியாயமாகத் தெரியும்; அதே பயத்தை எதிரே உட்கார்ந்திருக்கும் மகா கெட்டிக்காரி சொல்லக் கேட்டால், "இது என்ன பைத்தியக்காரத்தனம்!" என்று சிரிப்பு வரும். அப்புறம் தன்னைப் பார்த்தும் சிரிப்பு வரும்.

அமெரிக்கா வரை போவானேன்? நம் சேலத்துச் சீமையிலேயே இது நடந்திருக்கிறது. 1989-ல் ஐ.நா.வின் விவசாய வளர்ச்சி நிதி உதவியோடு தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. அடுத்த சில வருஷங்களில் அவை சேலத்துக்கு வந்தன. அப்போது நாமக்கல்லும் சேலம் ஜில்லாவுக்குள்ளேதான் இருந்தது, 1997-ல்தான் பிரிந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். சேமிப்பு, கடன், தீர்மானப் புத்தகம். அவர்களுக்குள்ளேயே ஒருத்தி ஊக்குநர், இரண்டு பேர் பிரதிநிதிகள். பாங்கியில் கணக்குத் திறக்க அந்தப் பெண்களேதான் போக வேண்டும். "எனக்கெங்கீங்க ஆவும்?" என்று அங்கே யாரும் தப்பிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவளும் அதையேதான் சொல்லிக்கொண்டு இருக்கிறாள், ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள்! தைரியம் வந்த பிறகு பாங்கிக்குப் போனார்கள் என்று நினைக்காதீர்கள். போய் வந்த பிறகுதான் தைரியம் வந்தது.

கிளான்ஸும் ஐம்ஸும் இன்னொரு யோசனையும் சொன்னார்கள். யாராவது பாராட்டினால் அதை எழுதி வைக்க வேண்டும். அதை எப்படித் தட்டிக் கழித்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், சகோதரிகளே. இடது பக்கத்தில் "ஆடிட்டர் ஒரு பிழையும் இல்லை என்றார்." வலது பக்கத்தில் "அவர் அவசரத்தில் இருந்திருப்பார் என்று நினைத்தேன்." படிக்கப் படிக்க நமக்கே வெட்கமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜி.எஸ்.டி. கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் அது மனப்பிரமை அல்ல. நாலு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னும் ஒன்று. "உனக்கு யோக்யதை இல்லை" என்ற குரல் எப்போதும் உள்ளேயிருந்தே வருவதில்லை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் மருமகள் ராதாபாய் சுப்பராயனைப் பாருங்கள். 1930-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன இரண்டே பெண்களில் ஒருவர். "இவர்கள் சர்க்கார் பொறுக்கி எடுத்தவர்கள், எங்கள் பிரதிநிதிகள் அல்ல" என்று மாதர் சங்கங்களே ஆட்சேபித்தன. அவர்கள் ஆட்சேபித்ததிலும் நியாயம் இருந்தது. தாங்கள் கொடுத்த பெயர்களைச் சர்க்கார் ஏற்கவில்லையே! ராதாபாய் போனார், பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார். பிறகு வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் கமிட்டியிலும் இருந்தார். 1938-ல் டில்லி மத்திய சட்டமன்றத்தில் நுழைந்த முதல் பெண் அவர்தான். அவர் மனத்துக்குள் என்ன பயம் இருந்ததோ, யார் கண்டார்கள்! நாற்காலியை விட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் ருசிகா துல்ஷியான், ஜோடி-ஆன் பூரி என்ற இரு பெண்கள் 2021-ல் இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதினார்கள்: எதற்கெடுத்தாலும் பெண்ணின் மனசில்தான் கோளாறு என்பது என்ன நியாயம், ஆபீஸின் கோளாறைப் பாருங்கள் என்று. நியாயமான கோபம். கூட்டத்தில் அவள் சொன்ன யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பத்து நிமிஷம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னதும் "பலே!" என்று சொல்கிற இடத்தில் எவளுக்குத்தான் சந்தேகம் வராது?

ஆகவே, மானேஜர் என்று போர்டு எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் மூச்சை ஒரு தரம் இழுத்துவிட்டு, "சரிங்க" என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும், போர்டுக்குப் பெயிண்ட் வாங்க ஆள் போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.