குறைந்த விலைப்புள்ளியும் தாய்லாந்து வெள்ளமும்

ரேம் விலை ஏறிவிட்டது, ஆர்டர் எடுத்தவர்கள் பழைய விலைக்குத் தர மறுக்கிறார்கள் என்று அலுவலகங்களில் இப்போது புலம்பல். கம்ப்யூட்டர் பிரிவின் கொள்முதல் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பற்றாக்குறை ஒன்றும் புதிதல்ல. 'யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கே ஆர்டர்' என்ற விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே, அதுதான் கோளாறு.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். சீனாவுக்கு அடுத்தபடியாக ஹார்ட் டிஸ்க் அதிகம் தயாரித்த நாடு அது. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சீகேட் ஆலைகள் நனையவில்லை. ஆனால் அவற்றுக்கு உதிரிபாகம் கொடுத்தவர்கள் மூழ்கினார்கள். சில வாரங்களில் பல டிஸ்குகளின் விலை இரு மடங்கானது.

எங்கள் அலுவலகத்தில் அப்போதுதான் சர்வர் டிஸ்குகளுக்கு டெண்டர் முடிந்திருந்தது. குறைந்த விலை சொல்லி ஆர்டர் வாங்கியவர் கையில் ஒரு டிஸ்க்கூட இல்லை. கட்டுபடியாகாது என்று கையை விரித்துவிட்டார். சற்றே கூடுதலாகச் சொன்ன இரண்டாமவரிடம் சரக்கு இருந்தது. அவரிடம் வாங்கலாம் என்று குறிப்பு எழுதினேன். 'விதியில் இடமில்லை, மறு டெண்டர் விடவும்' என்று கோப்பு திரும்பி வந்தது. மறு டெண்டரில் அதே இரண்டாமவர் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார். கொடுத்தோம். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான்!

"விதியைத் தளர்த்தினால் வேண்டியவருக்கு ஆர்டர் போகுமே, தணிக்கையில் கேட்பார்களே" என்பார்கள். நியாயமான பயம். ஆனால் விதியைத் தளர்த்த வேண்டாம், டெண்டரிலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள் என்கிறேன். சரக்கு தருவதாகத் தயாரிப்பாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். அதே தரத்தில் வேறு கம்பெனி பாகமும் ஏற்கப்படும். ஆர்டரில் ஒரு பங்கு இரண்டாமவருக்கு. முதலாமவர் தவறினால் மீதியும் அவருக்கே. எல்லோருக்கும் முன்பே தெரிந்த நிபந்தனையில் சலுகை எங்கிருந்து வரும்?

இன்னொன்று. ஐந்து பிராண்டுகளிடம் விலை கேட்டோம், போட்டி இருக்கிறது என்று மார்தட்டுகிறோம். வெளியே பெயர் ஐந்து. உள்ளே இருக்கும் பாகம் யாருடையது? வெள்ளத்தை ஒட்டிய மாதங்களில் சாம்சங்கின் டிஸ்க் வியாபாரம் சீகேட்டுக்கும், ஹிட்டாச்சியுடையது வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் போய்விட்டது. தோஷிபாவோடு சேர்த்து மிஞ்சியது மூன்று பேர். தட்டுப்பாட்டுக்கு நடுவிலேயே பல டிஸ்குகளுக்கு உத்தரவாதக் காலத்தையும் குறைத்தார்கள். சீகேட்டின் ஆண்டு லாபமோ சுமார் 51 கோடி டாலரிலிருந்து 286 கோடி டாலருக்குத் தாவியது. பற்றாக்குறை எல்லோருக்கும் நஷ்டம் என்று யார் சொன்னது?

இன்று ரேமிலும் அதே நிலை. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரிடமே பெரும்பகுதி சந்தை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் நமக்குத் தட்டுப்பாடு.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த டெண்டர் எழுதும்போது விலையோடு இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: பாகம் யார் செய்தது? சரக்கு இப்போது எங்கே இருக்கிறது? பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.