தானாகச் சமமாகாது

ஆவடிக்கு அருகில் வெள்ளானூரில் என் நண்பர் ஒருவர் வீடு கட்டுகிறார். ஓய்வு பெற்ற கணக்கதிகாரி. சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர் நிரப்பிய குழாயை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சுவருக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் அதைச் சுட்டிக் காட்டினார்.

"பார்த்தீர்களா ஸார்? நாடும் இப்படித்தான். ஏழைப் பிரதேசம் வேகமாக வளரும். பணக்காரப் பிரதேசம் நிதானப்படும். காலம் போனால் எல்லாம் ஒரே மட்டம். அதற்குள் நம் வரிப்பணத்தைப் பீகாருக்கு எதற்குக் கொட்ட வேண்டும்?"

நான் கதை எழுதுகிறவன். பொருளாதார மேதை அல்ல. ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்க மாநிலங்களுக்கிடையே வருமான இடைவெளி நெடுங்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறைந்துகொண்டே வந்தது என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகவே முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். அங்கேயும் 1980-க்குப் பிறகு அந்த வேகம் தளர்ந்துவிட்டது.

நம் வீட்டுக் கணக்கு என்ன? பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இந்தியாவின் தலா வருமானத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், 1960-61-ல் தமிழகம் 109, பீகார் 70. 2023-24-ல் தமிழகம் 171; பீகார் 33. அறுபத்து மூன்று ஆண்டுகள் போதாதா? காலம்தான் மருந்து என்றால் நோயாளி இந்நேரம் எழுந்து நடமாடியிருக்க வேண்டாமா?

"அவர்கள் சோம்பேறிகள், நாம் உழைத்தோம்" என்றார் நண்பர். உழைத்தோம், மறுக்கவில்லை. காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகின. மதிய உணவு வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆனால் அந்தப் பட்டறைகளுக்கெல்லாம் இரும்பு எந்த விலைக்கு வந்தது என்று யாராவது கேட்டோமா?

1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை, இரும்புக்கும் நிலக்கரிக்கும் ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தது மத்திய சர்க்கார். சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழில் தொடங்கினாலும், ஆயிரம் மைலுக்கு அப்பால் அம்பத்தூரில் தொடங்கினாலும் இரும்பு ஏறக்குறைய ஒரே விலை. அப்படியிருக்க, துறைமுகமும் சந்தையும் உள்ள ஊரை விட்டுவிட்டு எந்த முதலாளி பீகாருக்குப் போவான்? மேற்கேயும் தெற்கேயும் விளையும் பருத்திக்கு இந்தச் சலுகை உண்டா என்றால், கிடையாது! இயற்கை அந்த மக்களுக்குக் கொடுத்த ஒரே அனுகூலத்தைச் சட்டம் பறித்தது. 2000-த்தில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது சுரங்கங்களும் போயின.

பீகாரின் வறுமைக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலம் ஒரு சிலர் கையில் இருந்தது; படிப்பு பலருக்கு எட்டவில்லை; ஆண்டவர்களும் பொறுப்பை உதறினார்கள். அதே கனிவள நாடான ஒடிசா, 1990-91-ல் 54-ல் கிடந்தது, 2023-24-ல் 88-ஐத் தாண்டியிருக்கிறது. 1960-61-ல் நம்மைவிட மேலே 127-ல் இருந்த வங்காளம் 84-க்கு இறங்கிவிட்டது. ஏறுவதும் இறங்குவதும் தலைவிதி அல்ல. மனிதர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான்.

இதே ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. காலத்தை நம்பியிருந்தால் தீர்மானம் எதற்கு?

15-ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்குப் பிரித்த மத்திய வரிப் பங்கில் பீகாருக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேலும் நமக்கு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேலும் ஒதுக்கியது. நம் பங்கு போதாது என்று டில்லியிடம் வாதாடுவோம், அது நியாயம். பீகாருக்குக் கொடுப்பதையே தருமம் என்று பேசுவதுதான் அநியாயம். அதில் ஒரு பகுதியாவது பழைய கடன்.

குழாயின் மறுமுனையைப் பிடித்திருந்த பையனிடம் ஊர் எது என்று கேட்டேன்.

"மதுபனி, அண்ணா. பீகார்" என்றான், நல்ல தமிழில். "ஊரிலே வேலை இருந்தா இங்கே ஏன் வரேன்?"

அவன் அதைச் சொல்லிக்கொண்டே கட்டைவிரலைக் குழாயின் வாயில் வைத்துவிட்டான். தண்ணீர் அசையாமல் நின்றது.

"விரலை எடுடா, விரல் இருந்தா மட்டம் எப்படிக் காட்டும்?" என்று கொத்தனார் அதட்டினார்.

நண்பரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.