கடைமடைக்கு வராத இணையமும் லினக்ஸும்

மேட்டூர்ல ஜூன் 12-ம் தேதி தண்ணி திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல பார்த்த உடனே பேராவூரணிப் பக்கம் நாத்து விட முடியுமா? கடைமடைக்கு வந்து சேர நாளாகும். சில வருஷம் வராமலே போகும்.

இணையமும் எங்க பக்கம் அப்படித்தாங்க. தஞ்சாவூர் டவுன்ல நல்லாவே ஓடுது. உள்ளே கிராமத்துக்குப் போனா, கரண்ட் போற நேரம் சிக்னலும் சேர்ந்து போயிடுது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நாள் கணக்குல ரெண்டுமே இல்லை.

ஆனா இயங்குதளம் செய்யறவங்களுக்கு இது தெரியறதில்லை. விண்டோஸ் 11 ஹோம் முதல் அமைப்பிலேயே இணையம் கேட்குது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. பழைய மடிக்கணினி வெச்சிருக்கற பையன்கிட்ட "லினக்ஸ் போட்டுக்கப்பா"ன்னு நாமளும் சுலபமா சொல்லிடறோம். கையில கொடுக்கறது டெபியன் நெட்இன்ஸ்ட். கோப்பு சின்னதுதான், ஆனா டெஸ்க்டாப் மொத்தமும் நிறுவும்போதுதான் இறங்கும். பாதியில லைன் போச்சுன்னா வேலையும் அங்கேயே நிக்கும்.

உபுண்டுக்காரங்க ஒரு காலத்துல கேட்டவங்களுக்கெல்லாம் சிடியை இலவசமா தபால்ல அனுப்பினாங்க. 2011-ல நிறுத்திட்டாங்க. அப்போ 700 எம்பிக்குள்ள ஒரு சிடி. இன்னிக்கு உபுண்டு டெஸ்க்டாப் 5 ஜிபியைத் தாண்டியாச்சு. கோப்பு பெருத்த நேரத்துல தபாலும் இல்லை!

கடைமடை விவசாயி என்ன செய்வார்? தண்ணி வர்றப்பவே குளத்தை நிரப்பி வெச்சுக்குவார். நாமளும் அதைத்தான் செய்யணும்ங்கறது என் கட்சி. டெபியனோட முதல் டிவிடி ஐஎஸ்ஓ ஏறக்குறைய 4 ஜிபி. அதை வெச்சு இணையமே இல்லாம டெஸ்க்டாப்போட நிறுவிடலாம். டவுன்ல இருக்கற ஒருத்தர் டோரண்ட்ல இறக்கினா போதும். லைன் போய் வந்தாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்க்கும். பிரவுசர்ல இறக்கினீங்கன்னா மறக்காம எஸ்எச்ஏ256 எண்ணை ஒத்துப் பாருங்க. அப்புறம் பென்டிரைவ்ல ஏத்தி ஊருக்கு ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க.

"பாதுகாப்பு அப்டேட்டுக்கு நெட் வேணுமே"ன்னு கேட்பீங்க. வேணும்தான். அதை லைன் இருக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கலாம். நட்ட பயிருக்குத் தண்ணி ரெண்டு நாள் தள்ளி வந்தா சமாளிச்சுடலாம் மக்களே, நாத்தே விட முடியலன்னா சாகுபடி ஏது?

உங்க ஊர்ல அந்தப் பென்டிரைவ் யார்கிட்ட இருக்கு? இல்லைன்னா, இந்த வாரமே நீங்க ஒண்ணு போட்டு வைங்களேன் :-)