முட்புதர் என்று இகழாதீர்

ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் மண் அள்ளும் இயந்திரம் வருகிறது. ஊர்ப் புறம்போக்கிலும், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கரையிலும், ஏன், நம் பங்குகளின் கல்லறை நிலத்திலும்கூடத் தாமே முளைத்த ஆவாரையும் இலந்தையும் சூரையும் ஒரே நாளில் வழிக்கப்படுகின்றன. மறுநாள் நூறு குழிகள், நூறு கன்றுகள், ஒரு நிழற்படம். இதற்குப் பெயர் பசுமையாக்கமாம்! ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

வெற்றுநிலம் காடாவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெயிலுக்கு அஞ்சாத புல்லும் எருக்கும் கொழுஞ்சியும் வருகின்றன. கொழுஞ்சி தன் வேர்முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. உதிர்ந்த இலை மட்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பின்னர் முட்செடிகள். அவற்றின் கனியைத் தின்ன வரும் கொண்டைக்குருவியும் மைனாவும் வேம்பு முதலியவற்றின் விதைகளை அங்கே விட்டுச் செல்கின்றன. ஆட்டின் வாய் எட்டாத அந்த முள்ளுக்கடியில்தான் மரக்கன்று தலைதூக்குகிறது. செவிலியைக் கொன்றுவிட்டுப் பிள்ளை வளர்க்கப் புறப்பட்டவர்கள் நாம்!

அப்படியானால் நிலத்தைச் சும்மா விட்டாலே போதுமா என்று வாசகர் வினவலாம். போதாது. தாவரக் கூட்டம் ஓர் உயிரைப்போல வளர்ந்து முதிர்நிலையை எய்தும் என்று 1916இல் அமெரிக்கத் தாவரவியலார் கிளெமென்ட்ஸ் எழுதினார். பத்தாண்டு கழித்து கிளீசன் அதனை மறுத்தார். எந்த விதை அருகில் உள்ளது, எது முந்தி வந்தது என்பதைப் பொறுத்தே யாவும் அமையும் என்பது அவர் வாதம். அரியலூர்ச் சுரங்கக் குழிகளைக் கண்டவர் கிளீசன் பக்கமே சாய்வர். மேல்மண் இழந்த அந்நிலத்தில் முந்திக்கொள்வது சீமைக்கருவேல். அதன் நிழலில் பிற செடிகள் எளிதில் தழைப்பதில்லை. வரிசை அங்கேயே நின்றுவிடுகிறது. அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கை வகுத்தது, நன்று. ஆனால், சூரைக்கும் சீமைக்கருவேலுக்கும் வேறுபாடு காணாத கையில் இயந்திரத்தைக் கொடுப்பதும், அகற்றிய இடத்தில் தைலமரத்தை வரிசையாக நட்டுக் காடு என்பதும் எவ்வகையில் நியாயம்?

கடலே நிலமான பகுதியன்றோ இது, எல்லாம் தானே மாறும் என்பாரும் உளர். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 18 மீட்டர் மரத்தை அவர்கள் சான்று காட்டுவர். அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. சுரங்கம் தோண்டுவோருக்கு அக்கணக்கு இனிக்கும். நம் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் எஞ்சியுள்ள கோயில்காடுகளே இம்மண்ணின் விதைக் களஞ்சியம். வீரை, காசா, பாலை போன்ற மரங்களுக்கு அவையே புகலிடம். அய்யனார் காடு நமக்கெதற்கு என்று நம்மவர் ஒதுங்குவது சிறுமை. அங்கே பழம் தின்ற குயில் நம் கல்லறைத் தோட்டத்து வேலியிலும் வந்து அமர்கிறதே!

மேல்மண்ணைத் தனியே சேமித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த மண் எங்கே குவிக்கப்பட்டுள்ளது என்று கிராம சபையில் எழுந்து கேட்க நம்முள் எத்தனை பேர் உளர்? அடுத்த முறை பங்குப் பேரவை கூடுகையில், நடப்போகும் கன்றுகள் எத்தனை என்பதற்கு முன்னால், வெட்டப்போகும் செடிகள் எவை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.