கெய்ட்லின் கிளார்க்கும் நான் போகாத மேட்ச்களும்

2024 ஏப்ரலில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். 8-ஆம் தேதி சூரிய கிரகணம். மாப்பிள்ளை அதற்கான அட்டைக் கண்ணாடிகளை வாங்கி மேசை மேல் அடுக்கி வைத்திருந்தார். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து சற்றுக் கண்ணயரலாம் என்று எழுந்தேன். பேத்தி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"தாத்தா, இன்னிக்கு ஃபைனல். கெய்ட்லின் கிளார்க் ஆடறா."

பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து. எனக்கு கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது. இருந்தாலும் பேத்தியின் பேச்சைத் தட்ட முடியுமா? உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் தூக்கம் போன இடம் தெரியவில்லை. அயோவா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய அந்த 22 வயதுப் பெண், மைதானத்தின் நடுவட்டத்துக்குச் சற்று முன்னாலிருந்தே பந்தை எறிகிறார். அது கூடையின் விளிம்பைக்கூடத் தொடாமல் வலைக்குள் விழுகிறது. அன்று அவர் 30 புள்ளிகள் எடுத்தும் அவருடைய அணி தென் கரோலைனாவிடம் 87-75 என்று தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியிலும் தோல்விதான். கோப்பையை ஒருமுறைகூடத் தூக்காத ஒருவரைத்தான் நாடே பேசிக்கொண்டிருந்தது.

காரணம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் அவர் எடுத்தது 3,951 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் நிலைப் போட்டிகளில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. அன்றைய இறுதிப் போட்டியை சராசரியாக 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். அடுத்த நாள் நடந்த ஆண்கள் இறுதிப் போட்டிக்குச் சுமார் 1 கோடியே 48 லட்சம் பேர்தான். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தைக் கூட்டத்தில் முந்தியது அதுவே முதல் முறை.

ஊர் திரும்பியதும் காலை நடையில் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "திறமை இருந்தா தானா மேல வரும் சார். அந்தப் பொண்ணுகிட்ட சரக்கு இருக்கு, ஜனங்க வந்தாங்க. இவ்வளவு நாளா வரலைன்னா, அந்த அளவுக்கு ஆடற பொண்ணு இல்லைன்னுதானே அர்த்தம்?"

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு பேத்தி அனுப்பியதையும் நானே தேடிப் பிடித்ததையும் படித்தபோது, நண்பர் சொன்னது முக்கால்வாசி தவறு என்று புரிந்தது.

லினெட் வுட்டார்ட் என்று ஒருவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 1981 வரை ஆடியவர். அவர் எடுத்தது 3,649 புள்ளிகள். தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி அப்போது கிடையாது. எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். பந்தும் ஆண்கள் ஆடும் பெரிய பந்து. அப்படியிருந்தும் அவர் பெயர் என்.சி.ஏ.ஏ.வின் சாதனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர் ஆடி முடித்த பிறகுதான் அந்த அமைப்பு பெண்களுக்குப் போட்டி நடத்தத் தொடங்கியது. அதற்கு முன் பெண்கள் விளையாட்டை நடத்திய வேறொரு அமைப்பின் கணக்கை அது தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

கல்லூரியை விட்டு வெளியே வந்த வுட்டார்ட் தொழில்முறையில் ஆட இத்தாலிக்குப் போனார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அவர்தான் கேப்டன். 1985-இல் வேடிக்கை ஆட்டங்களுக்குப் பேர்போன ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் சேர்ந்த முதல் பெண்ணும் அவரே. அமெரிக்காவில் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் லீக் 1997-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 37. அப்போதும் போய் ஆடினார்!

இவரிடம் சரக்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்? இல்லாதது பார்க்கும் கூட்டம், அதைவிட அந்தக் கூட்டத்தைக் கூட்டிவர நினைத்த ஆட்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் கிளார்க் 3,649-ஐத் தாண்டினார். அவருடைய பயிற்சியாளர் லிசா ப்ளூடர் வுட்டார்டின் எண்ணைத்தான் உண்மையான சாதனையாகக் கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாள் கழித்து, மார்ச் 3-ஆம் தேதி, பீட் மராவிச் என்ற ஆண் ஆட்டக்காரர் 1970-இல் விட்டுச் சென்ற 3,667-ஐயும் கிளார்க் கடந்தார். அதைப் பார்க்க வுட்டார்டே அரங்கத்துக்கு வந்திருந்தார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

சரி, கிளார்க்குக்கு மட்டும் எப்படிக் கூட்டம் வந்தது? அவர் பிறந்து வளர்ந்த ஊரைப் பார்த்தால் விடை கிடைக்கும். அயோவா, மக்காச்சோளம் விளையும் விவசாய மாநிலம். பள்ளிப் பெண்களுக்கு மாநில அளவில் கூடைப்பந்துப் போட்டி அங்கே 1920-இலேயே தொடங்கிவிட்டது. பெண்கள் அதிகம் ஓடக் கூடாது என்ற அந்தக் கால எண்ணத்தில் விதி வகுத்திருந்தார்கள். அணிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில், மூவர் மறு பாதியில், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டவும் கூடாது. விதி எப்படியோ இருக்கட்டும், ஊர் ஜனம் திரண்டு போய்ப் பார்த்தது. டெ மாயின் நகர அரங்கம் நிரம்பி வழியும். ரேடியோவிலும் பிறகு டி.வி.யிலும் ஒலிபரப்புவார்கள்.

1968 இறுதிப் போட்டியில் டெனிஸ் லாங் என்ற பள்ளி மாணவி ஒருவரே 64 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி லீக்கின் புதுமுகத் தேர்வில் அவர் பெயரைச் சொல்லித் தேர்ந்தெடுத்தது. லீக் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. அறுபேர் ஆட்டம் 1993 வரை நடந்தது. கிளார்க்குக்குப் பக்கத்தில் நின்ற துணைப் பயிற்சியாளர் ஜேன் ஜென்சன் அந்த ஆட்டத்தில் வளர்ந்தவர். பள்ளிக் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளிகள் எடுத்தவர்.

பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே கிறிஸ்டின் கிராண்ட் என்ற அம்மையார் அங்கே பெண்கள் விளையாட்டுத் துறைக்குத் தலைவரானார். 2000 வரை அவர்தான். அவர் காலத்தில், 1985 பிப்ரவரியில், விவியன் ஸ்ட்ரிங்கர் பயிற்றுவித்த பெண்கள் அணியின் ஒரே ஆட்டத்துக்கு 22,157 பேர் வந்தார்கள். கிளார்க் பிறப்பதற்கு 17 ஆண்டுகள் முன்பு!

அதனால்தான் 2023 அக்டோபரில் கால்பந்து ஸ்டேடியத்தின் நடுவில் பலகை போட்டு ஒரு காட்சி ஆட்டம் நடத்தியபோது, குளிர்காற்றைப் பொருட்படுத்தாமல் 55,646 பேர் வந்தார்கள். அம்மா, பாட்டி காலத்திலிருந்தே பெண்கள் ஆட்டம் பார்த்துப் பழகிய குடும்பங்கள் அந்த மாநிலம் முழுக்க இருந்தன. கிளார்க்கின் உழைப்பையும் திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. விதை நல்ல விதைதான். ஆனால் நிலத்தை நூறு வருடமாக யாரோ உழுது வைத்திருந்தார்கள்.

"ஆள் வருவதில்லை, அதனால் பணமில்லை" என்ற பேச்சும் அமெரிக்காவில் ரொம்ப நாள் நடந்தது. 2021 தேசியப் போட்டியில் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும், பெண்களுக்கு ஒரே ஒரு டம்பெல் அடுக்கும் கொடுத்திருந்தார்கள். ஓர் ஆட்டக்காரி அதைப் படம்பிடித்துப் போட, விவகாரம் நாறிப்போனது. விசாரித்துப் பார்த்தால், பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்காமல் வேறு பல விளையாட்டுகளோடு ஒரே கட்டாகக் கட்டி ஆண்டுக்குச் சுமார் 3.4 கோடி டாலருக்குக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் கூடைப்பந்து மட்டுமே 2025-இல் ஆண்டுக்கு 8.1 கோடி டாலருக்கு மேல் பெறும் என்று விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. ஆண்கள் போட்டிக்குச் சூட்டிய பிரபலமான பெயரைப் பெண்கள் போட்டி பயன்படுத்த 2022 வரை விடவில்லை. கடையைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

கிளார்க் 2024-இல் இந்தியானா ஃபீவர் அணிக்கு முதல் ஆளாகத் தேர்வானார். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் என்ற விருது. தோழிகள் கூடை போட வாகாகப் பந்தை எடுத்துக் கொடுப்பதில் அந்த ஆண்டு 337 என்று அப்போதைய லீக் சாதனையும் படைத்தார். ஆனால் அவருக்கு லீக் கொடுத்த முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். ஆண்கள் லீக்கில் அதே ஆண்டு முதலாவதாகத் தேர்வானவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். விளம்பரங்களில் அவர் சம்பாதிக்கிறார், உண்மைதான். அவர் அளவுக்குப் பேர் வாங்காத மற்ற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்றால், இல்லை. அன்று ஆட்டம் முடிந்து பேத்தி முகம் வாடி மாடிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டே மகள் சொன்னாள்:

"நானும் ஸ்கூல் டீம்ல ஆடினேனே, ஞாபகம் இருக்காப்பா? மூணு வருஷம்."

"இருக்கே. ஒரு கப்பு வாங்கிண்டு வந்தியே."

"நீங்க ஒரு மேட்ச் பார்க்கக்கூட வந்ததில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். ஆபீஸ் வேலை, ஆடிட் என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். ஏனென்றால் பையனின் கிரிக்கெட் மேட்சுக்கு லீவு போட்டுப் போயிருக்கிறேன். பன்னிரண்டாவது வந்ததும் "படிப்பைப் பாரும்மா" என்று அவள் விளையாட்டை நிறுத்தச் சொன்னவனும் நான்தான். அவள் பெரிய ஆட்டக்காரியாக வந்திருப்பாளா, தெரியாது. நான் போய்ப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். நம்மிடம் பணம் குறைவாக இருக்கலாம், நேரம் நிறைய இருக்கிறது. பேத்தியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ பள்ளி அணியில் ஆடுகிறாள் என்றால், ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். விதி தெரிய வேண்டியதில்லை. கூடையில் பந்து விழுந்தால் கைதட்டத் தெரிந்தால் போதும்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளியில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சி நடக்கிறது. இரண்டு மாதமாகப் போகிறேன். முதல் நாள் காவலாளி, "யாரோட தாத்தா நீங்க?" என்று கேட்டார். "யாரோட தாத்தாவும் இல்லை, ஆட்டம் பார்க்க வந்தேன்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பயிற்சியாளர் அம்மாவிடம் கேட்டு வந்து உள்ளே விட்டார். இப்போது எனக்கென்று ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு வைக்கிறார்.