காவலோ? சிறையோ?

காலை ஒன்பது மணிக்கு நகரத்து அடுக்குமாடி வீடுகளின் படிகளில் இறங்கி வருவோர் ஒரு குரலைக் கேட்டிருத்தல் கூடும். பூட்டிய கதவொன்றின் பின்னிருந்து எழும் நாய்க்குட்டியின் அழுகுரலே அது. வீட்டுத் தலைவரும் தலைவியும் வேலைக்குச் சென்றிருப்பர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றிருப்பர். மூன்று திங்கள் நிரம்பாத அக்குட்டி மாலை ஆறு மணிவரை தன்னந்தனியே அங்கிருக்கும். இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்களுட் பலர் இன்னும் சில்லாண்டுகளில் உத்தியோகம் ஏற்பர். முதற் சம்பளத்தில் நாய்க்குட்டி ஒன்று வாங்கி வளர்க்க விரும்புவோர் அவருட் சிலரேனும் இருப்பர். முன்னமே வளர்த்துவரும் பழைய மாணவரும் ஆசிரியரும் உளர். இவ்விரு திறத்தாருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துரைத்தல் நலமெனத் தோன்றுகிறது. நாம் வீட்டிலில்லாத பொழுதில் இளநாயை எவ்வாறு அடைத்து வைப்பது? அவ்வடைப்பு அதற்குக் காவலாவது எப்போது, சிறையாவது எப்போது?

அடைத்து வைப்பதே கொடுமை என்பார் சிலர். அவர் கூற்று இரக்கத்திற் பிறந்ததே, ஆயினும் பொருந்துவதன்று. மனிதக் குழந்தை கையால் உலகை அறிவதுபோல நாய்க்குட்டி வாயால் அறிகிறது. ஏறக்குறைய நான்காம் திங்களிற் பால்பற்கள் விழத் தொடங்கி, ஏழாம் திங்களளவில் நிலைப்பற்கள் நிரம்புகின்றன. அக்காலத்தில் ஈறு தினவெடுத்தலால் அகப்பட்டதையெல்லாம் அது கடிக்கும். செருப்பும் புத்தகமும் போவது பொருள் நட்டம். மின்சாரக் கம்பியைக் கடித்தாலோ உயிர் நட்டம். மேசைமேல் மறந்து வைத்த மாத்திரை, கொசுவர்த்தி, எலிமருந்து, மூலையில் வைத்த பினாயில் ஆகியவற்றின் தீமையை அஃது எங்ஙனம் அறியும்? நாம் விரும்பி உண்ணும் சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சாவன. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியோ பல வீடுகளிற் குட்டியின் தலை புகுமளவு அகன்றிருக்கும். தெருவில் விட்டுச் செல்வோமெனில், வண்டிகளேயன்றி நோயும் அங்கே காத்திருக்கின்றது. 1978-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டு உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் நோய், குட்டிகளை இரத்தக் கழிச்சலாற் சில நாட்களிலேயே மாய்க்கவல்லது. அதன் கிருமி மண்ணிற் பல திங்கள் அழியாது கிடக்கும். ஏறக்குறையப் பதினாறு வாரமளவும் தவணை தவணையாக இடப்படும் தடுப்பூசிகள் முடியுமுன் குட்டியைத் தெருவில் தன் மனம்போல் உலவ விடுதல் தகாது. ஆகவே காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய காவல் என்பதே வினா.

நம் நாட்டிற் பெருவழக்காயுள்ள முறை சங்கிலியாற் கட்டுதல். இதன் தீமைக்கு என் பிழையையே சான்றாகத் தருகிறேன். கல்லூரியை விட்டு நீங்கிச் சென்னையில் உத்தியோகம் ஏற்றபின், தெருவிற் பிறந்த நாட்டுக்குட்டியொன்றை எடுத்து வளர்க்கத் தொடங்கினேன். அதற்கு அப்போது வயது இரண்டரைத் திங்கள். முதல் வாரத்தில் அதைப் பால்கனிக் கம்பியிற் சங்கிலியாற் பிணித்து, சோறும் நீரும் வைத்து, கடமை முடிந்ததென எண்ணி ஆபீஸுக்குச் சென்றேன். பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. தம் வீட்டுச் சாளரத்திலிருந்து குட்டியைக் கண்ட எதிர்வீட்டு முதிய அம்மையார் அழைத்திருந்தார். விரைந்து வந்து பார்த்தபோது, சங்கிலி பூந்தொட்டியைச் சுற்றிக் குட்டியின் பின்னங்காலையும் சுற்றி இறுகியிருந்தது. நீர்க்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சித்திரை வெயிலிற் சிமெண்டுத் தரை கொதித்துக்கொண்டிருந்தது. குட்டி குரலெழுப்பவும் மாட்டாது மூச்சிரைக்கக் கிடந்தது; என்னைக் கண்டதும் வாலை மட்டும் அசைத்தது. "தம்பி, கட்டிவிட்டுப் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா?" என்றார் அவ்வம்மையார். மறுமொழி கூற எனக்கு நாவெழவில்லை. காலின் வீக்கம் வடியப் பதினைந்து நாளாயின. அந்த வாலசைவோ இன்றும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. நாலடியார் பாடிய சான்றோர், நட்பிற்கு யானையினும் நாயையே மேலாகக் கூறினர். தன்னைத் துன்புறுத்திய தலைவனையும் நாய் வெறாது என்பதே அவர் கண்ட காரணம். நாயின் பெருமையாகிய அக்குணமே நம் கையில் அதற்குத் தீங்காக முடிகிறது. நாள் முழுதும் கட்டுண்டு கிடந்த நாய் மாலையில் நம்மைக் கண்டு துள்ளுகிறது; அதுகண்டு, அது சுகமாகவே இருந்ததென நாம் முடிவு செய்துகொள்கிறோம். அஃது வழக்குரைக்காது, ஆதலின் அதற்காக வழக்குரைக்க வேண்டியவர் வளர்ப்பவரே ஆவர்.

சங்கிலியை விடுத்தோர் குளியலறையிலோ பால்கனியிலோ குட்டியைப் பூட்டுவர். குளியலறைத் தரை ஈரமும் வழுக்கலும் உடையது. சோப்பும் பினாயிலும் குட்டியின் வாய்க்கு எட்டுவன. வெளிச்சமும் காற்றும் குறைவு. பால்கனியோ காலையில் நிழலாயிருந்து நண்பகலிற் சூளையாவது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. உள்ளங்கால்களிற் சிறிதே வியர்க்கும். நாவை நீட்டி மூச்சிரைத்தே அது தன் உடற்சூட்டைப் போக்குகின்றது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரங்களில் அவ்வழியும் நன்கு பயன்படுவதில்லை. வெளியேற வழியற்ற வெப்பம் ஒரு பகற்பொழுதிலேயே குட்டியின் உயிரை வாங்கவல்லது.

மேனாட்டார் வழக்கத்தைப் பின்பற்றிக் கம்பிக்கூண்டு வாங்குவோரும் இப்போது பலராயினர். கூண்டு தன்னளவில் தீயதன்று. நாய் குகைபோன்ற ஒதுக்கிடத்தை விரும்பும் பிராணி. தான் படுக்குமிடத்தைக் கூடியவரை அசுத்தப்படுத்தாது. எழுந்து நிற்கவும், திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டில், கதவைத் திறந்தே வைத்து, அங்கேயே உணவூட்டிச் சின்னாட் பழக்கினால், குட்டி தானே அதனுட் சென்று உறங்கும். இரவு உறக்கத்திற்கும், பகலில் ஓரிரு மணி நேரத்திற்கும் அது தக்கது. அதனுள் விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடல் வேண்டும். அது கம்பியிற் சிக்கிக் கழுத்தை நெரித்தல் கூடும். தண்டனைக்காக ஒருபோதும் கூண்டில் அடைத்தலாகாது. ஆனால் ஒன்பது மணி நேரம் பூட்டி வைக்கப்பட்டாலோ, எத்துணை விலையுயர்ந்த கூண்டும் சிறையே.

பகற்பொழுதுக்கு ஏற்றது எது எனின், சிறு அறையொன்றோ, கூடத்தின் ஒரு மூலையைத் தடுப்பாற் பிரித்த இடமோ ஆகும். ஆறடி நீளமும் நாலடி அகலமும் இருப்பின் ஒரு சிறு குட்டிக்கு முதற்கண் போதும். கொளுத்தும் வெயில் படாததாகவும், மின்விசிறிக் காற்று வருவதாகவும் அவ்விடம் அமைதல் வேண்டும். மின்சாரக் கம்பி, திரைச்சீலை, மேசைவிரிப்பு ஆகிய யாவும் அகற்றப்படல் வேண்டும். ஒரு புறம் படுக்கை; அதற்கு எதிர்ப்புறம் பழஞ்செய்தித்தாள் விரித்த மலசலவிடம். நீர்ப்பாத்திரம் எளிதிற் கவிழாத கனமுடையதாதல் வேண்டும். எங்கள் வீட்டிற் சிறிய கற்சட்டியொன்று அவ்வேலையைச் செய்தது. கடிப்பதற்கு உள்ளே குழிவுள்ள கெட்டி ரப்பர் பொம்மையைக் கொடுக்கலாம். அதனுள் உப்பிடாத தயிர்ச்சோற்றை அடைத்துக் குளிர்பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தால், நெடுநேரம் அதை நக்கிக்கொண்டிருந்து குட்டி உறங்கிவிடும். வேகவைத்த எலும்பைத் தருதல் தவறு. அது சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

இடத்தினும் முதன்மையானது காலம். பகலிற் குட்டி சிறுநீரை அடக்கவல்ல நேரத்தைக் கணிப்பதற்கு வளர்ப்போரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது: வயது எத்தனை திங்களோ அத்துடன் ஒன்று கூட்டி வரும் அளவே மணி நேரம். இரண்டு திங்கட் குட்டிக்கு மூன்று மணி. மூன்று திங்கட் குட்டிக்கு நான்கு மணி. நாம் ஆபீஸுக்குப் போய் மீள்வதோ ஒன்பது மணி அல்லது பத்து மணி நேரம். இக்கணக்கை எந்தக் கூண்டும் தடுப்பும் மாற்றமாட்டா. ஆதலின் நண்பகலில் ஒருவர் வந்து கதவைத் திறந்தே ஆகவேண்டும். அவர் உணவு வேளையில் வீடு திரும்பும் நீங்களாகலாம், ஊதியம் பெறும் வேலைக்காரராகலாம், அயல்வீட்டு முதியவராகலாம். எங்கள் குட்டிக்கு அந்த எதிர்வீட்டு அம்மையாரே அவ்வுதவி செய்தார். பன்னிரண்டு மணிக்கு வந்து அரைமணி நேரம் அதனோடு பேசியிருந்து செல்வார். தமக்கும் பகற்பொழுது நீளாமற் கழிந்ததென அவர் பின்னர் என் மனைவியிடம் கூறினாராம்.

தனித்திருத்தலும் கற்பிக்கப்பட வேண்டிய பாடமே. முதல் நாளிலேயே நாள் முழுதும் தனியே விடுதல், அரிச்சுவடி அறியாத சிறுவனைக் கல்லூரித் தேர்வுக்கு அனுப்புவதை ஒக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரைமணி எனச் சிறிது சிறிதாகக் கூட்டல் வேண்டும். குட்டியைக் கொணர்ந்தபின் ஒரு வாரமேனும் விடுமுறை எடுத்துக்கொள்ளுதல் இதற்கு உதவும். புறப்படுமுன் விளையாட்டும் உணவும் மலசலம் கழித்தலும் முடிந்திருந்தால், குட்டி பெரும்பாலும் உறக்கத்தையே நாடும். போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் செய்யாதிருத்தல் நன்று.

மாலையில் வந்து, தரையில் அசுத்தத்தைக் கண்டு குட்டியை அடிப்பவர் உளர். "செய்த குற்றம் அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பர். இக்கொள்கையை 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்தார். நாய் விலக்கப்பட்ட தின்பண்டத்தைத் தின்றதா இல்லையா என்பதால் அந்தக் 'குற்றமுகம்' வேறுபடவில்லை. தலைவர் கடிந்துகொண்டபோதே அது மிகுதியாகத் தோன்றியது. குற்றமே செய்யாத நாயும் கடியப்பட்டால் அம்முகமே காட்டிற்று. ஆகவே நாம் காண்பது பெரும்பாலும் நம் சினத்திற்கு அஞ்சும் அச்சமேயன்றிக் கழிவிரக்கமன்று. காலையில் நடந்ததற்கு மாலையில் விழும் அடி, 'தலைவர் வருங்காலம் அஞ்சத்தக்க காலம்' என்ற ஒரு பாடத்தையே கற்பிக்கும்.

"நம் பாட்டன்மார் கூண்டும் தடுப்பும் கண்டார்களா? அவர்கள் வளர்த்த நாய்கள் நன்றாகத்தானே இருந்தன?" என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. அந்நாள் வீடுகளிற் பகலெல்லாம் ஆளிருந்தனர், திண்ணை இருந்தது, முற்றமும் கொல்லையும் இருந்தன, நாய் தனித்திருந்த பொழுது மிகச் சிறிது. இன்றோ வீடு இரண்டறையாகச் சுருங்கி, பகலெல்லாம் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் பரந்த வெளியில் வளர்க்கப்பட்டவை. பழைய நாயை விரும்பிப் பழைய வீட்டை இழந்தவர், அவ்விழப்பைத் தம் நேரத்தாலும் முயற்சியாலும் ஈடுசெய்தல் வேண்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் வாய்மூடியிருக்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் விடாமுயற்சி வழிகோல, 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அளவிற் குறுகிய அல்லது மிகு பாரமுடைய சங்கிலியால் நியாயமற்ற நேரம் ஒரு பிராணியைக் கட்டிவைத்தலை அதன் பதினோராம் பிரிவு குற்றமென்கிறது. வழக்கமாகக் கட்டப்பட்டோ அடைபட்டோ இருக்கும் நாய்க்கு உடையவர் தக்க உடற்பயிற்சி அளியாமையும் அப்பிரிவிற் குற்றமே. ஆயினும் பூட்டிய வீட்டினுள் எந்தக் காவலர் வந்து மணி பார்ப்பார்? அங்கே நம் மனச்சான்று ஒன்றே காவலர்.

முடிவாக ஒன்று கூறுவேன். காவலுக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாடு கம்பியிலோ கதவிலோ இல்லை. குட்டி கற்கக் கற்க விரிந்துகொண்டே செல்வது காவல். தலைவரின் வசதிக்காக என்றும் ஓரளவாகவே நிற்பது சிறை. தடுப்பை மூலையிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து வீட்டிற்கும் நகர்த்திக்கொண்டே போகும் எண்ணமுடையவர் குட்டி வளர்க்கலாம். நண்பகலிற் கதவைத் திறக்க ஆளில்லாதவர், பொழுது வாய்க்கும்வரை பொறுத்திருப்பதோ, பழக்கமுள்ள வளர்ந்த நாயொன்றை ஏற்பதோ நன்று. வளர்ந்த நாய்க்கும் காலை மாலை உலாவும், இடையில் ஒரு துணையும் வேண்டும். நண்பர்களே, நாய்க்குட்டியின் விலையைக் கேட்குமுன் உங்கள் நாளின் மணிகளை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் நாய்க்கு இப்போது வயது நான்கு. தடுப்பை எடுத்து மூன்றாண்டுக்கு மேலாயிற்று. அந்த மூலையிலேதான் அது இன்றும் உறங்குகிறது. பன்னிரண்டு மணிக்கு எதிர்வீட்டு அம்மையாரின் செருப்போசை கேட்டால் மட்டும் எழுந்து வாயிலுக்கு ஓடுமாம்.